சுல்தானுக்கு இருபத்தொரு டிகிரி

சிவகாசி
12.4.2025

அன்புத் தங்கை யாஸ்மினுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எடுத்த எடுப்பில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன், நலம் விசாரிப்பது அப்புறம். உன் சுல்தான் குளிப்பதற்காக நீ கொடுத்தனுப்பிய ஒரு கிலோ பொடியை நாங்கள் மணலில் புதைத்துவிட்டோம். மரியாதையோடுதான் புதைத்தோம்.

நேற்று விடியற்காலை உன் மகன் ஃபரீத் கோயம்புத்தூரிலிருந்து காரில் வந்தான். அணிலுக்கும் முயலுக்கும் நடுவில் ஒரு மயிர்ப்பந்தாக உன் சுல்தான் உட்கார்ந்திருந்த கூண்டை இறக்கினான். காய்ந்த புல் மூட்டையை இறக்கினான். "மாமா, இது சின்சில்லா. எலி இல்ல" என்று இரண்டு தடவை சொன்னான். உனக்குத் தொண்டையில் ஆபரேஷன், மருமகளுக்கு இதன் மயிர் பட்டால் தும்மல், ஆறேழு வாரம் இங்கே இருக்கட்டும் என்றான். போய்விட்டான். அந்தப் பொடிப் பொட்டலத்தை அச்சகத்தில் காகிதம் எண்ணும் மேசையில் வைத்தது நான்.

எட்டு மணிக்கு ஆட்கள் வேலைக்கு வந்தார்கள். பொடியோ சாம்பல் நிறம், மாவைவிட நைசு, வெளிச்சத்தில் லேசான மினுமினுப்பு. வேறு ஊராக இருந்தால் யாராவது முகத்துக்குப் பூசிப் பார்த்திருப்பார்கள். இந்த ஊரில் அந்த நிறத்துக்கு ஒரே அர்த்தம்தான்: பட்டாசு மருந்தில் சேர்க்கிற அலுமினியப் பொடி. லேபிள் அடிக்கிற அச்சகத்துக்குள் அது வரவே கூடாது. "மருந்து!" என்று ஒரு குரல் கிளம்பியது. அது என்னுடைய குரல்தான் என்று அன்பரசன் டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள். உண்மைதான். கைலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தெருமுனை வரைக்கும் ஓடினேன். உன் மதினி பீவி ஜான் மாடியிலிருந்து பார்த்துவிட்டு, "கல்யாணமாகி முப்பது வருசத்துல இவுக ஓடி இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்று பக்கத்து வீட்டுக்கு அறிவித்திருக்கிறாள்.

ஓடாமல் நின்றது வள்ளித்தாய் மட்டும். எங்களிடம் காகிதம் எண்ணுகிறவள். ஆறு வருடத்துக்கு முன்பு வரை தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் மருந்து கலந்துகொண்டிருந்தவள். பொட்டலத்தை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி, பிள்ளையைத் தூக்கிப் போவதுபோலக் கொல்லைக்குக் கொண்டுபோனாள். "தண்ணிய ஊத்தும்மா!" என்று தெருமுனையிலிருந்து கத்தினேன். "ஈரம் பட்டாத்தான் அது சூடாகும் மொதலாளி. சும்மா அங்கனயே நில்லுங்க" என்றாள். மணலில் கொட்டி, மேலும் மணல் போட்டு, கிளறி மூடிவிட்டாள். ஃபரீத்துக்குப் போன் போட்ட பிறகுதான் அது எரிமலைச் சாம்பல் என்றும், உன் சுல்தான் தண்ணீரில் அல்ல, அதில் புரண்டுதான் குளிப்பார் என்றும் தெரிந்தது.

வேறு பொடி அனுப்பு. சுல்தான் நலம். ஒரு தடவை முதுகைத் தொட்டேன். மயிர் எங்கே தொடங்கியது என்று விரலுக்குத் தெரியவே இல்லை. பயந்து கையை எடுத்துவிட்டேன்.

உன் தொண்டை எப்படி?

அண்ணன்
நைனா முகம்மது


கோயம்புத்தூர்
16.4.2025

மதிப்பிற்குரிய நைனா முகம்மது அவர்களுக்கு,

வ அலைக்கும் ஸலாம். பொடி இன்று கூரியரில் வருகிறது. "குளியல் பொடி, வெடிக்காது" என்று பெரிய எழுத்தில் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

இன்னும் ஐந்து வாரம் நான் ஒரு வார்த்தையும் பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால்தான் எழுதுகிறேன். தாங்களும் கையால் எழுதவும். வாட்ஸாப்பில் தாங்கள் அனுப்புகிற சிரிக்கும் மஞ்சள் மூஞ்சிகளைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. மேலும், கையெழுத்தில் பொய் சொன்னால் எனக்குத் தெரிந்துவிடும்.

இரண்டு வருடம் தங்களோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்துவிட்டு இந்தப் பொறுப்பைத் தங்களிடம் கொடுத்தது தங்கள் மேல் உள்ள நம்பிக்கையால் அல்ல. தங்கள் காகித அறையில் இருக்கும் ஏசி மேல் உள்ள நம்பிக்கையால். எனக்குத் தெரிந்த இடங்களில் இரவும் பகலும் ஏசி ஓடுவது அங்கே மட்டும்தான்.

ஆகவே கவனமாகப் படிக்கவும். அவன் குளிர்ந்த, காய்ந்த மலைகளின் பிராணி. வியர்வை கிடையாது. பதினாறு முதல் இருபத்தொரு டிகிரிக்குள் இருக்க வேண்டும். இருபத்தைந்து தாண்டினால் ஆபத்து. காற்றில் ஈரம் ஐம்பது சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஏறினால் மயிருக்குள் பூஞ்சை பிடிக்கும். சிவகாசியில் சூடு என்றால் உடனே சாக்கை நனைத்துத் தொங்கவிடுவீர்கள், ஏர்கூலரை வைப்பீர்கள். இரண்டும் கூடாது. குளிர்ச்சி வேண்டும், ஈரம் வேண்டாம். காதுகளைப் பார்த்துக்கொண்டே இருக்கவும். சூடு ஏறினால் முதலில் சிவப்பது அவைதான். அங்கே அவனுக்கு வைத்தியம் தெரிந்தவர் யாரும் இல்லை. மதுரை போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

சூட்டையும் ஈரத்தையும் காட்டும் மீட்டர் ஒன்று வாங்கி, தினமும் குறித்து அனுப்பவும்.

ஃபரீத் கல்யாணத்தில் தாங்கள் மைக்கில் சொன்னதை நான் மறக்கவில்லை.

யாஸ்மின்


சிவகாசி
22.4.2025

யாஸ்மின்,

"மதிப்பிற்குரிய" என்று எழுதியிருந்தாய். இதற்கு முன் என்னை அப்படி அழைத்தது வருமான வரி அலுவலகம்தான். அவர்களும் கடைசியில் திட்டித்தான் முடித்தார்கள்.

மீட்டர் வாங்கிவிட்டேன். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. மேலே சூடு, கீழே ஈரம். பெட்டியிலிருந்து எடுத்த எடுப்பில் 21 என்றும் 45 என்றும் காட்டியது. நீ கேட்டது அதேதானே? நான் ஒரு பொத்தானைக்கூட அமுக்கவில்லை. கூண்டுக்கு மேலே மாட்டி, காலையிலும் மாலையிலும் குறித்து வைக்கிறேன். நான்கு நாளாக ஒரு புள்ளி அசையவில்லை. என் ஆயுளில் நான் பொறுப்பேற்று ஒழுங்காக நடந்த முதல் காரியம் இதுதான்.

காகித அறை இவருக்கென்றே கட்டியதுபோல இருக்கிறது. புதுக் காகிதம் அச்சுக்குப் போகும் முன் ஒரு நாள் அங்கே கிடந்து அந்தக் காற்றுக்குப் பழக வேண்டும். ஈரம் குடித்தால் காகிதம் நீளும். அப்புறம் நான்கு கலரும் ஒன்றின் மேல் ஒன்று உட்காராது; லேபிளில் இருக்கிற குழந்தைக்கு உதடு கன்னத்தில் போய் நிற்கும். இத்தனை வருடம் நான் ஏசி போட்டது காகிதத்துக்கு. அதே காற்றுதான் எங்கோ உலகத்தின் மறுபக்கத்து மலைப்பிராணிக்கும் வேண்டும் என்று யார் நினைத்தது?

வள்ளித்தாயோடுதான் ஒரு தகராறு. இதுவரை அந்த அறைக்கு மீட்டரே கிடையாது. காகித அடுக்கின் ஓரத்தைத் தடவிப் பார்த்து "தண்ணி குடிச்சிருக்கு" என்பாள், அவ்வளவுதான். இப்போது நான் விஞ்ஞான முறைக்கு வந்துவிட்டேன். அவள் வரவில்லை. அறைக்குள் போகும்போதெல்லாம் புறங்கையை உயர்த்திப் பார்க்கிறாள், உதட்டை நக்கிக்கொள்கிறாள், ஏசி ரிமோட்டை எடுத்து ஏற்றுகிறாள், இறக்குகிறாள். "இருவத்தொண்ணு காட்டுதேம்மா, எதுக்கு அதப் போட்டு நோண்டுற?" என்றால், "ச்சும்மா" என்கிறாள். ரிமோட்டை ஒளித்து வைத்தேன். கண்டுபிடித்துவிட்டாள்.

பொடி வந்தது. நேற்று சாயங்காலம் சட்டியில் கொட்டி உள்ளே வைத்தோம். யாஸ்மின், நீ ஏன் இதை எனக்கு முன்பே சொல்லவில்லை? அவர் வந்தார், மோந்தார், பம்பரம் மாதிரி ஒரு சுற்றுச் சுற்றினார். எழுந்து உதறினதும் ஒரு புகைமூட்டம். அது அடங்கினபோது நடுவில் புத்தம் புதிதாக உட்கார்ந்திருந்தார். வேலைக்காரர்கள் பதினோரு பேரும் நானும் வாயைத் திறந்துகொண்டு நின்றோம். அறுபது வகை வெடிக்கு லேபிள் அடிக்கிறவர்கள் நாங்கள், எங்களை எதுவும் லேசில் அசத்திவிடாது. அப்புறம் நின்ற இடத்திலிருந்து என் தோள் உயரத்துக்கு எகிறினார். நான் பின்னால் சாய்ந்து காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கட்டு வீண்.

செய்தி பரவிவிட்டது. இருக்கன்குடி கோயிலுக்குப் போகிறவர்கள்கூட வேனை நிறுத்திவிட்டு "இங்கன வெளிநாட்டு எலி இருக்காமே" என்று கேட்கிறார்கள். எலி இல்லை என்று நான்தான் சண்டை போடுகிறேன். சண்டை போடுவது யார் பார்.

நைனா


கோயம்புத்தூர்
28.4.2025

அண்ணன் அவர்களுக்கு,

அவன் பொடியில் சுற்றுவதை எழுதியிருந்தீர்கள். மூன்று தடவை படித்தேன். மருமகளிடமும் காட்டினேன்.

எலி இல்லை என்று இப்போது சண்டை போடுகிறீர்கள். கல்யாணப் பந்தலில் முன்னூறு பேருக்கு முன்னால் மைக்கைப் பிடித்து, "எங்க மச்சான் போனதுக்கப்புறம் தங்கச்சி ஒரு எலியோட குடித்தனம் நடத்துறா" என்று சொன்னபோது இந்தச் சண்டை எங்கே போயிருந்தது? எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

அவனை வாங்கிக்கொண்டு வந்தது அவுகதான். பெங்களூரில் பார்த்தாகளாம். எங்கள் குன்னூர் வீட்டுக் குளிருக்கு இது தாங்கும் என்றாக. காற்றின் ஈரத்தை உறிஞ்சத் தனி மெஷினும் வாங்கி வைத்தாக. நாலு மாதத்தில் அவுக போய்விட்டாக. அதன் பிறகு அந்த வீட்டில் என்னைத் தவிர மூச்சு விட்டது அவன் ஒருவன்தான். காலையில் எழுந்து "சுல்தான்" என்று கூப்பிட்டால் கம்பி ஓரத்துக்கு வருவான். அன்றைக்கு நான் பேசுகிற முதல் வார்த்தை அதுவாக இருக்கும். பல நாள் கடைசி வார்த்தையும் அதுதான்.

இப்போது குரல் முன்போல வருமா என்று டாக்டர் உறுதியாகச் சொல்ல மாட்டேன் என்கிறார். வேறு குரலில் கூப்பிட்டால் அவன் வருவானா என்று எனக்குத் தெரியவில்லை. அதைப் பார்ப்பதற்காவது அவன் உயிரோடு இருக்க வேண்டும்.

கத்திரி தொடங்கப் போகிறது. கவனம்.

யாஸ்மின்


சிவகாசி
8.5.2025

யாஸ்மின்,

முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன்: சுல்தான் உயிரோடு இருக்கிறார், புல் தின்றுகொண்டிருக்கிறார். இனி மெதுவாகப் படி.

நேற்று எங்கள் லைனில் மாதாந்திர மின்தடை. ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் இருக்கிறது என்று தைரியமாக இருந்தேன். பதினொன்றரைக்கு அது இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. மெக்கானிக் விருதுநகரிலிருந்து வர வேண்டும். ஓடிப்போய் மீட்டரைப் பார்த்தேன். 21, 45. சுவர் கனமான சுவர், குளிர் உள்ளேயே நிற்கிறது என்று நிம்மதியாகிவிட்டது. கூண்டுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டுப் பேப்பர் படிக்க உட்கார்ந்தேன். சட்டை முழுக்க நனைந்தது. எனக்கு மார்கழியிலும் வியர்க்கும், உனக்குத் தெரியும். ஒரு மணிக்கு மறுபடி பார்த்தேன். அப்போதும் 21தான்.

வள்ளித்தாய் சாப்பிட்டுவிட்டு உள்ளே வந்தாள். வாசலிலேயே நின்றாள். புறங்கையை உயர்த்தினாள்.

"மொதலாளி, என்ன இப்படி உக்காந்திருக்கீக? ரூமு வெந்துக்கிட்டு இருக்கு."

"இருவத்தொண்ணும்மா. இங்க பாரு."

"அது காட்டட்டும். நீங்க அதப் பாருங்க."

அவள் காட்டியது காதை. இரண்டும் செம்பருத்தி நிறத்தில் இருந்தன. அவர் ஒருக்களித்துக் கிடந்தார். வயிறு மட்டும் விடாமல் துடித்துக்கொண்டிருந்தது. நீ எழுதியதெல்லாம் அந்த நிமிடம் மறந்துவிட்டது. என் கை தானாகப் போய் ஒரு சாக்கை வாளியில் முக்கி எடுத்தது. அவள் அதை என் கையிலிருந்து தட்டிவிட்டாள். முதலாளியின் கை. சத்தம் கேட்டது.

"அக்கா ஈரம் ஆகாதுன்னு எழுதியிருக்காகள்ல? நீங்கதான படிச்சுக் காட்டுனீக?"

அன்பரசன் கடை ஐஸ்பெட்டியில் உறைந்த தண்ணீர் பாட்டில் ஒன்று இருந்தது. அதை உலர்ந்த துண்டில் மூன்று சுற்றுச் சுற்றிக் கூடையில் வைத்து, பக்கத்தில் அவரைப் படுக்க வைத்தாள். "பஜார் பக்கம் வேற லைனு. ஏடிஎம்முக்குப் போயிருவோம்" என்றாள். இந்த ஊரில் ஏசி ஒழுங்காக ஓடுகிற ஒரே ஏடிஎம் எது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வெயிலில் வீட்டுக்கு நடக்கிற நாளில், பணம் எடுக்காமல், இரண்டு நிமிடம் உள்ளே நின்றுவிட்டுப் போவாளாம். ஆறு வருடமாக என்னிடம் வேலை பார்க்கிறாள், எனக்கு இது தெரியாது.

ஆட்டோவில் போனோம். உள்ளே நுழைந்ததும் அவரைக் கிரானைட் தரையில் விட்டாள், தானும் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். நான் கதவில் நின்று வருகிறவர்களுக்குப் பதில் சொன்னேன். "ஏன் பாய், உள்ள என்ன?" "மிசின் ரிப்பேரா?" "அது என்ன அங்கன, முயலா?" விஷயம் தெரிந்ததும் ஒருவரும் உள்ளே வரவில்லை. வெயிலில் ஏழு பேர் வரிசையில் நின்றார்கள். ஒரு பெரியவர் மட்டும் கண்ணாடியில் மூக்கை வைத்து, "மூச்சு இருக்குல்ல? அப்ப நாங்க நிக்கிறோம்" என்றார்.

நானும் கடைசியில் உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தேன். அப்போது ஒன்றைப் பார்த்தேன், யாஸ்மின். அந்தக் காதில் சிவப்பு இறங்குவதைப் பார்த்தேன். நுனியிலிருந்து மெதுவாக. வெற்றிலை அகலம்கூட இல்லாத இரண்டு காது, வெளிச்சம் ஊடுருவுகிற தோல், உள்ளே நூல் மாதிரி நரம்புகள். சிவகாசியின் சித்திரை வெயில் மொத்தமும் அவருக்குள் புகுந்துவிட்டது, அதை அந்த இரண்டு காது வழியாகவே சிறுகச் சிறுக வெளியே அனுப்பிக்கொண்டிருந்தார். அரை மணி நேரம். நான் வாயைத் திறக்கவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் யாரும் இதை நம்ப மாட்டார்கள்.

பிறகு தலையைத் தூக்கினார். வள்ளித்தாயின் வளையலைக் கடித்துப் பார்த்தார்.

மீட்டர் மேல்தான் கொஞ்சம் வருத்தம். சூடு ஏறினதைக் காட்டுவதற்கு அதற்கு நேரம் பிடிக்கிறது போலிருக்கிறது, என்னை மாதிரி. மற்றபடி சாயங்காலம் பார்த்தபோது சரியாக 21.

நைனா


கோயம்புத்தூர்
12.5.2025

அண்ணே,

படித்து முடித்தேன். பிறகு நீங்கள் கதவில் நின்று பதில் சொன்னதை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கக் கூடாது என்று மருமகள் வாயைப் பொத்தினாள்.

நீங்கள் அனுப்பிய பட்டியலை வைத்திருக்கிறேன். அன்று பட்ட பாட்டைத் தவிர மூன்று வாரமும் இருபத்தொன்று, நாற்பத்தைந்து. குன்னூரில் இவ்வளவு மெஷினை வைத்துக்கொண்டு எனக்கே அது வாய்த்ததில்லை. உங்களைப் பற்றி நான் நினைத்திருந்தது தப்போ என்று ஒரு எண்ணம்.

வள்ளித்தாய்க்கு அது எப்படித் தெரிந்தது? கேட்டு எழுதுங்கள்.

யாஸ்மின்


சிவகாசி
20.5.2025

யாஸ்மின்,

"அண்ணே" என்று பார்த்ததும் கடிதத்தை பீவி ஜானிடம் நீட்டினேன். "இதுக்குப் போயி கண்ணத் தொடைக்கீக" என்றாள். வியர்வை என்று சொன்னேன். அதற்கும் பெயர் எடுத்து வைத்திருக்கிறேன் அல்லவா?

வள்ளித்தாயிடம் கேட்டேன். காகிதம் எண்ணிக்கொண்டே சொன்னாள், கை நிற்கவில்லை.

"மருந்து கலக்குற ரூமுல மீட்டரா வச்சிருந்தாக? விடியுமுன்ன போவோம். கைய இப்படித் தூக்கிப் பாப்பேன். காத்து ரொம்பக் காஞ்சிருச்சுன்னா கையில மயிரு நட்டுக்கும். அன்னைக்குத் துணி உரசுனாலே பொறி வரும். ஒதடு ஒட்டுச்சுன்னாலும் அப்படித்தான். ஒரு நா, வைகாசியில, எனக்கு மயிரு நட்டுக்கிச்சு. 'வாங்கடீ, தண்ணி குடிச்சிட்டு வருவோம்'னு நாலு பேர வெளிய கூட்டியாந்தேன். போர்மேன் வஞ்சாரு. முத்துப்பேச்சி மட்டும், 'இந்தச் சட்டிய முடிச்சிட்டு வாரேன், நீங்க போங்க'ன்னா."

அப்புறம் அறுநூறு தாள் வரைக்கும் எண்ணினாள். "அதோட அந்த வேலைக்குப் போகல" என்றாள்.

இந்தக் கையைத்தான் நான் ரிமோட்டைத் தொடாதே என்று விரட்டிக்கொண்டிருந்தேன். மீட்டரை அவளிடமே கொடுத்துவிடுவதாகச் சொன்னேன். "அய்யோ, அது ஒங்களுக்கு மொதலாளி. நீங்களே வச்சுக்கிடுங்க. சுல்தான நான் பாத்துக்கிடுறேன்" என்று அவசரமாக மறுத்துவிட்டாள். பணிவானவள்.

இன்னொன்று. எழுதி அடித்து, எழுதி அடித்து, இது ஐந்தாவது தாள். முன்னூறு பேர் சிரிப்பார்கள் என்பதற்காக நான் அன்றைக்கு அதைச் சொன்னேன். மச்சானை நினைத்து எனக்கும் அன்று அழுகை வந்தது, அதை மறைக்க வேறு வழி தெரியவில்லை. இது சாக்கு இல்லை, சாக்காகவே இருந்தாலும் ஈரச்சாக்குதான், உதவாது. ஏடிஎம் தரையில் உட்கார்ந்து அந்த வயிறு துடிப்பதைப் பார்த்தபோது, நீ மூன்று வருடமாக எதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய் என்று தெரிந்தது. மன்னித்துவிடு.

வந்து கூட்டிப்போ. குரல் எப்படி இருந்தாலும் சரி.

அண்ணன்


குன்னூர்
9.6.2025

அண்ணே,

நல்லபடியாக வந்து சேர்ந்தோம். வெயில் ஏறுமுன் மலை ஏறிவிட வேண்டும் என்று ஃபரீத் விடியுமுன்னே வண்டியை எடுத்தது நல்லதாகப் போயிற்று. மதினி கொடுத்த பணியாரம் மேட்டுப்பாளையத்தோடு முடிந்தது.

அங்கே காகித அறையில் உங்கள் முன்னால் நான் அவனைக் கூப்பிடவில்லை. நீங்கள் எல்லாரும் சுற்றி நின்றீர்கள், பதினோரு பேரும் வேலையை நிறுத்திவிட்டு. எனக்குப் பயமாக இருந்தது. வீட்டுக்கு வந்து, கூண்டைப் பழைய இடத்தில் வைத்து, எல்லாரும் போன பிறகு கூப்பிட்டேன். குரலா அது? கதவு கீல் மாதிரி ஒரு சத்தம். "சுல்தான்" என்பதில் பாதிதான் வெளியே வந்தது.

அவன் மூலையில் இருந்தான். காது மட்டும் இந்தப் பக்கம் திரும்பியது. ஒரு காது. அப்புறம் இன்னொன்று. பிறகு வந்தான், அண்ணே. கம்பி ஓரத்துக்கு வந்து, இரண்டு முன்னங்கையாலும் என் விரலைப் பிடித்துக்கொண்டு, இந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதுபோல என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் மறுபடி கூப்பிட்டேன். நூறு தடவையாவது கூப்பிட்டிருப்பேன். டாக்டரிடம் சொல்ல வேண்டாம்.

மயிர் அப்படியே இருக்கிறது. ஒரு இடத்தில்கூடப் பூஞ்சை இல்லை, உதிரவில்லை. ஐம்பது நாள், அந்த ஊரில், அந்த வெயிலில். இதை யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். வள்ளித்தாய்க்கு ஒரு ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்திருக்கிறேன். அங்கே எதற்கு என்று சிரிக்காதீர்கள். கையில்லாத ஸ்வெட்டர், புறங்கை வெளியே இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு அவள் இங்கே வந்து ஒரு வாரம் இருக்கட்டும், நீங்கள் சம்பளத்தோடு லீவு கொடுக்க வேண்டும்.

கூண்டோடு உங்கள் மீட்டரும் வந்துவிட்டது. மேலே மாட்டினேன். இங்கே நான்கு நாளாக விடாத மழை, ஜன்னலுக்கு வெளியே மரம் தெரியவில்லை, போன செவ்வாய்க்கிழமை துவைத்த துணி இன்னும் சொட்டுகிறது. மீட்டர் 21, 45 என்றது. தூசியாக இருக்கும் என்று முந்தானையால் துடைத்தேன். ஓரத்தில் நகம் இடறியது. இழுத்தேன். மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாள் உரிந்து கையோடு வந்தது. இருபத்தொன்றும் நாற்பத்தைந்தும் அதோடு வந்துவிட்டன. கடையில் காட்டுவதற்காக அச்சடித்தவை, அண்ணே. நல்ல அச்சு, உங்கள் லேபிளைவிடச் சுத்தம்.

பின்பக்கம், பேட்டரி வேலை செய்யாமல் இருக்கக் கம்பெனியில் செருகிய தாளை இன்னும் யாரும் உருவவில்லை.

யாஸ்மின்